ஆளெடுப்புக்குத் தடை, வட்டிக்கு இல்லை

கடன் கொடுப்பவர்களில் பல ரகம் உண்டு. மீட்டர் வட்டிக்காரர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். தண்டல்காரர் பொழுது சாய்ந்தால் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்பார். ஆனால் இவர்களிடம் ஒரு நேர்மை இருக்கிறது. கொடுக்கும்போதே இது கடன் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். அதற்கு ‘உதவித்தொகை’ என்று பெயர் சூட்டி, மேடை போட்டுப் பாராட்டி, தேசியக் கொடிக்கு முன்னால் நிற்கவைத்துப் படமெடுத்து, ‘வேலை பார்த்துக் கழித்துவிடு’ என்று முதுகில் தட்டி அனுப்பி, பிள்ளை வேலை கேட்டு வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே இருந்தபடியே ‘ஏன் இன்னும் கழிக்கவில்லை?’ என்று அதட்டும் சாமர்த்தியம் எந்தத் தண்டல்காரருக்கும் வாய்த்ததில்லை. அமெரிக்க ஒன்றிய அரசுக்கு வாய்த்திருக்கிறது.

திட்டத்தின் பெயர் ‘சைபர்கோர்: சேவைக்கான உதவித்தொகை’. 1998-இல் கிளின்டன் பிறப்பித்த ஆணை ஒன்றில் விதை விழுந்தது. 2000-இல் திட்டம் உருவானது. 2001-இல் டல்சா, பர்டூ, கார்னகி மெலன், அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களுக்கு முதல் நிதி போய்ச் சேர்ந்தது. பணம் கொடுப்பது தேசிய அறிவியல் அறக்கட்டளை. வேலை விவகாரத்தைக் கவனிப்பது பணியாளர் மேலாண்மை அலுவலகம். கூட நிற்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. ஒரு பிள்ளைக்கு மூன்று தகப்பன். காய்ச்சல் வந்தால் மூவரும் வெளியூர்.

விதிகள் எளிமையானவை. கல்விக் கட்டணம் முழுவதையும் அரசு கட்டும். அதற்கு மேல் ஆண்டுக்கு இளநிலை மாணவருக்கு 27,000 டாலர், முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் 37,000 டாலர், புத்தகம் மாநாடு போன்றவற்றுக்குத் தனியாக 6,000 டாலர். மூன்று ஆண்டு வரை கிடைக்கும். பதிலுக்கு, எத்தனை காலம் பணம் வாங்கினார்களோ அத்தனை காலம் அரசாங்கத்தில் சைபர் பாதுகாப்பு வேலை செய்ய வேண்டும். பட்டம் வாங்கி 18 மாதத்துக்குள் அந்த வேலையில் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் வாங்கியதெல்லாம் கல்விக் கடன். வட்டி எப்போதிருந்து என்கிறீர்களா? கெடு முடிந்த நாளிலிருந்து என்று நினைத்தால் உங்களுக்கு அரசாங்கம் என்றால் என்னவென்று தெரியவில்லை. உதவித்தொகை கொடுத்த நாளிலிருந்தே வட்டி என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மேடையில் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தபோதே கீழே மீட்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

விதிகளில் இன்னொரு வரி இருக்கிறது: வேலை தேடிக்கொள்வது மாணவரின் பொறுப்பு. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வரியை யாரும் சட்டை செய்யவில்லை. சட்டை செய்ய அவசியமும் வரவில்லை. அரசு அலுவலகங்கள் ஆள் போதாமல் தவித்தன. படித்து வெளியே வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏதோ ஒரு துறையில் போய் உட்கார்ந்தார்கள்.

பல்கலைக்கழகங்கள் இதை விற்ற அழகே அழகு. கணினி மட்டும் தெரிந்தால் போதாது என்றார்கள். திருட்டு மின்னஞ்சலைச் சொடுக்குகிறவன் மனிதன், ஆகவே உளவியல் வேண்டும். எதை ஒட்டுக்கேட்கலாம், எதைக் கூடாது என்று சொல்லச் சட்டம் வேண்டும். எந்த அணைக்கு, எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் காவல் போடுவது என்று தீர்மானிக்கப் பொது நிர்வாகம் வேண்டும். களவுபோன காசின் தடம் பிடிக்கக் கணக்கியலும் குற்றவியலும் வேண்டும். ‘பல்துறைப் பயிற்சி, தேச சேவை’ என்று பளபளக்கும் கையேடுகள் அச்சாகின. இதில் நான் கேலி செய்ய ஒன்றுமில்லை; அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. 2021-இல் கசிந்துபோன கடவுச்சொல் ஒன்றின் வழியாக இணையத் திருடர்கள் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் புகுந்தார்கள். மே மாதம் எண்ணெய்க் குழாய் நின்றது, தென்கிழக்கு மாநிலங்களில் பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் வரிசை கட்டின, நிறுவனம் 44 லட்சம் டாலர் கப்பம் கட்டியது. ஒரு கடவுச்சொல்லின் அலட்சியம் எப்படி ஊரை நிறுத்துகிறது என்று விளங்கிக்கொள்ள ஒரே ஒரு பாடம் படித்தவனால் முடியாதுதான்.

2024 செப்டம்பரில் வெள்ளை மாளிகையே முரசறைந்தது. நாட்டில் சைபர் பாதுகாப்பு வேலைகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் இடங்கள் காலி, இந்த வேலையே தேச சேவைதான், வாருங்கள் பிள்ளைகளே என்றது. பிள்ளைகள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். தனியார் நிறுவனங்கள் காட்டிய சம்பளத்தை ஒதுக்கிவிட்டு வந்தவர்கள், வேறு வழியில் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் வகுப்பறைகளில் உட்கார்ந்து அரசை எப்படிக் காப்பது என்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

2025 ஜனவரி 20. ட்ரம்ப் பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்ட தாள்களில் ஒன்று, ஒன்றிய அரசில் புதிதாக ஆள் எடுக்கத் தடை. அன்று நண்பகலுக்கு முன் வேலை உத்தரவு வாங்கி, பிப்ரவரி 8-க்குள் சேரும் தேதியும் குறிக்கப்பட்டிருந்தால் தப்பித்தார்கள். தேதி அதற்குப் பிறகு விழுந்திருந்தாலோ, தேதியே குறிக்காமல் விட்டிருந்தாலோ உத்தரவு பொதுவாக ரத்து. மே மாதம் பட்டம் வாங்கப்போகிற மாணவருக்கு பிப்ரவரியில் சேரும் தேதி எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். அது உளவியல், சட்டம், கணக்கியல் எதிலும் வராத கேள்வி. தடை முதலில் ஜூலை வரை நீண்டது, பிறகு அக்டோபர் வரை. இடையில் பிப்ரவரி மாதமே இன்னொரு ஆணை வந்து, நான்கு பேர் வெளியே போனால் ஒருவரை உள்ளே விடலாம் என்றது. ஏற்கெனவே உள்ளே போயிருந்த புதியவர்களுக்கும் நிம்மதி இல்லை. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களைத்தான் முதலில் வெட்டினார்கள். நாட்டின் சைபர் காவல் நிலையம் என்று சொல்லத்தக்க சிசா அமைப்பிலிருந்தே நூற்றுச் சொச்சம் பேரை அந்த மாதம் அனுப்பினார்கள். நீதிமன்றம் தலையிட்ட பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள்.

சரி, ஒன்றிய அரசில் இல்லையென்றால் மாநில அரசில், நகராட்சியில் சேரலாமே? சேரலாம். ஆனால் மொத்தப் பேரில் ஐந்தில் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் போகலாம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அந்த மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் சைபர் எச்சரிக்கை கொடுத்துவந்த கூட்டு மையத்துக்கான ஒன்றிய நிதியை 2025 செப்டம்பரோடு நிறுத்தினார்கள் என்பது தனிக் கதை. தனியாரிடம் போகலாமா? தாராளமாக. 18 மாதம் முடிந்ததும் கடன் சீட்டு வீட்டுக்கு வரும். கெடுவை நீட்டிக்கக் கேட்கலாமா? கேட்கலாம். யாரிடம்? கதவைச் சாத்தியவர்களிடம்.

ஆக, பல்துறைக் கல்விக்கு இப்போது செய்முறைத் தேர்வு நடக்கிறது. சட்டம் படித்தவள் தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையே பாடப் புத்தகமாக விரித்து வைத்திருக்கிறாள். ஒரு தரப்பு மீறினால் கடன், மறு தரப்பு மீறினால் ‘நிர்வாகக் கொள்கை மாற்றம்’ என்ற நுட்பம் அவள் வகுப்பில் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. கணக்கியல் படித்தவன், இரண்டே ஆண்டுக்கு கைச்செலவுத் தொகையும் கட்டணமும் சேர்த்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறதே என்று பார்த்துவிட்டு, நம் கணக்கில் எண்பது லட்சம் ரூபாய்க்கு மேல், அதற்கு வட்டி போட்டுக்கொண்டிருக்கிறான். உளவியல் படித்தவருக்கு ஆராய்ச்சிப் பொருள் கைவசமே இருக்கிறது: விடிகாலை மூன்று மணிக்கு அரசு வேலைத் தளத்தைத் திறந்து திறந்து பார்க்கும் மனிதன். பொது நிர்வாகம் படித்தவர்தான் கொடுத்து வைத்தவர். ஒரு அரசு தனக்கு வேண்டிய ஆட்களைத் தானே காசு போட்டு வளர்த்து, தானே விரட்டி, விரட்டிய செலவையும் அவர்கள் தலையிலேயே எழுதுவதை நேரில் பார்க்கும் பாக்கியம் இதற்கு முன் எந்தத் தலைமுறை மாணவருக்கும் வாய்க்கவில்லை.

வேலை தராத இந்த விவகாரத்தைக் கவனிக்கும் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போகக் கூடாது. அரசின் ரகசியப் பணியில் சேருகிறவர்கள் எல்லாரும் நூறு பக்கத்துக்கு மேல் நீளும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எங்கெங்கே குடியிருந்தாய், யார் யார் சொந்தம், என்ன கடன், என்ன நோய், எப்போதாவது போதைப் பொருள் தொட்டாயா, எல்லாம் அதில் இருக்கும். 2015-இல் வெளியான செய்தி: இந்த அலுவலகத்தின் கணினிகளிலிருந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணி விசாரணைத் தகவல்கள் களவுபோயின. கூடவே 56 லட்சம் பேரின் கைரேகைகள். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், கட்டைவிரலை என்ன செய்வது? அப்படிப்பட்ட அலுவலகம்தான் இன்று சைபர் பாதுகாப்பு படித்த பிள்ளைகள் தகுந்த நேரத்தில் வேலையில் சேர்ந்தார்களா என்று கணக்குப் பார்க்கிறது. தன் வீட்டில் திருடு போனதைப் பல மாதம் கவனிக்காத கண்ணுக்கு, அடுத்தவன் கெடு ஒரு நாள் தவறினால் பளிச்சென்று தெரிகிறது.

காசில்லை, அதனால் ஆள் எடுக்கவில்லை என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம். தடையாணையிலேயே விதிவிலக்கு இருந்தது: தேசப் பாதுகாப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, குடியேற்றச் சட்ட அமலாக்கம். முதல் இரண்டு வார்த்தைகளைப் படித்துவிட்டு சைபர் மாணவர்கள் சற்று மகிழ்ந்திருப்பார்கள். மகிழ்ந்திருக்க வேண்டியவர்கள் மூன்றாவது வார்த்தைக்காரர்கள். 2025 ஜூலை இறுதியில் குடியேற்ற அமலாக்கப் படையில் சேர வருகிறவர்களுக்கு 50,000 டாலர் வரை சேர்ப்பு ஊக்கத்தொகை அறிவித்தார்கள். கல்விக் கடனை அடைக்கவும் உதவி உண்டாம். படியுங்கள், இன்னொரு முறை படியுங்கள். ஒரே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. அதன் ஒரு கை கதவுகளை உடைத்து ஆட்களை இழுத்து வருகிறவனின் கல்விக் கடனை அடைக்கிறது. இன்னொரு கை, நாட்டின் மின்சாரத்தையும் தண்ணீரையும் காக்கப் படித்தவளுக்குக் கடனை உண்டாக்குகிறது. சிசாவில் மிச்சமிருந்த சிலரையே குடியேற்ற வேலைகளுக்கு இடம் மாற்றி, மறுத்தால் வேலை போகும் என்று அறிவித்ததாக அந்த அக்டோபரில் செய்திகள் வந்தன. கணினிக்குள் நுழைகிற சீன உளவாளியைத் தேடியவர், பண்ணையில் தக்காளி பறிக்கிற மெக்சிகோக்காரரைத் தேடப் போகலாம். பல்துறைத் திறன் என்றால் இதுதான் போலிருக்கிறது.

சீன உளவாளி என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 இறுதியில் ‘சால்ட் டைஃபூன்’ விவகாரம் வெடித்தது. ஏடி அண்ட் டி, வெரைசன் உள்ளிட்ட தொலைபேசி நிறுவனங்களின் வயிற்றுக்குள்ளேயே சீன அரசோடு தொடர்புடைய கும்பல் குடியிருந்திருக்கிறது. அமெரிக்க வரலாற்றிலேயே இவ்வளவு மோசமான தொலைத்தொடர்பு ஊடுருவல் நடந்ததில்லை என்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் அலறினார்கள். அதை விசாரித்துக்கொண்டிருந்த சைபர் பாதுகாப்பு மறுஆய்வு வாரியத்தைப் புதிய அரசு வந்த உடனேயே கலைத்தார்கள். தீ எரியும்போது தீயணைப்பு விசாரணையை மூடுவது சிக்கனம்தானே. சிசாவில் சுமார் 3,300 பேர் இருந்தார்கள். 2025 முடிவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலி.

மேலே இருந்தவர்களின் கதி இதைவிட நயமானது. சிசாவின் முதல் இயக்குநர் கிறிஸ் கிரெப்ஸ், 2020 தேர்தல் பாதுகாப்பாக நடந்தது என்று உண்மையைச் சொன்னதற்காக அந்த நவம்பரில் ட்விட்டர் மூலம் வேலையிழந்தார். போதாது என்று 2025 ஏப்ரலில் அவர்மீது விசாரணைக்குக் குடியரசுத் தலைவர் உத்தரவிட்டார். அதே மாதம் தேசியப் பாதுகாப்பு முகமையின் தலைவராக இருந்த ஜெனரல் டிமொத்தி ஹாக் நீக்கப்பட்டார். லாரா லூமர் என்கிற சதிக்கதைப் பிரசாரகர் வெள்ளை மாளிகைக்குப் போய் வந்த கையோடு அது நடந்தது. நூறு பக்கப் படிவம், பல மாத விசாரணை, பொய் கண்டறியும் கருவி எல்லாம் கடைநிலை மாணவருக்கு. ஜெனரலைத் தூக்க ஒரு சந்திப்பு போதும்.

அப்படியானால் நாட்டின் ரகசியங்களை யார்தான் காத்தார்கள்? 2025 மார்ச்சில் ஏமன் மீது குண்டு போடுவதைப் பாதுகாப்பு அமைச்சரும் மற்றவர்களும் ‘சிக்னல்’ செயலியில் குழு அமைத்துப் பேசினார்கள். குழுவில் ‘அட்லான்டிக்’ பத்திரிகையின் ஆசிரியரையும் தவறுதலாகச் சேர்த்திருந்தார்கள். விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பது உட்பட அவர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். முதலாண்டு மாணவர் இதைச் செய்திருந்தால் தேர்வில் சுழியம். சிக்கனத் துறை என்ற பெயரில் எலான் மஸ்க் கூட்டி வந்த இருபது சொச்சம் வயதுப் பையன்கள் அரசுக் கணினிகளுக்குள் இறங்கினார்கள். ஒருவருக்கு 19 வயது. கருவூலத்தின் பட்டுவாடா அமைப்பு வரை போனார்கள். நீதிபதி ஒருவர் குறுக்கே விழுந்து தடுக்க வேண்டியிருந்தது. அரசுக் கணினியைத் தொடுவதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று மூன்று வருஷம் படித்தவர்கள் வீட்டில் தொலைக்காட்சியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2025 கோடையில் சிசாவின் தற்காலிகத் தலைவரே அலுவலக ஆவணங்களைப் பொதுவான சாட்ஜிபிடியில் ஏற்றினார் என்று பிற்பாடு ‘பொலிட்டிகோ’ எழுதியது. எச்சரிக்கை மணி அடித்ததாம். அந்த மணிக்காவது வேலை இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

‘விதியைப் படித்துத்தானே கையெழுத்துப் போட்டார்கள், இப்போது ஏன் புலம்பல்?’ என்று கேட்கிற நியாயவான்கள் எல்லா ஊரிலும் உண்டு. இளம் வயதில் ஒரு பிள்ளை அரசாங்கத்தை நம்பியதுதான் குற்றம் என்கிறீர்களா? ஒப்பந்தம் கட்சியோடு போட்டதா, அரசோடு போட்டதா? ஆட்சி மாறலாம், அது மக்கள் கொடுத்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் மே மாதம் பட்டம் வாங்கிய மாணவியை அடுத்த ஆண்டு நவம்பருக்குள் கடன்காரியாக்கு என்று எங்கே எழுதியிருந்தது? நியமனத்தை நிறுத்தத் தெரிந்த பேனாவுக்கு, அதே தாளில் ‘கெடுவும் அதுவரை நிற்கும்’ என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகியிருக்கும்? அந்த வரி இல்லாமல் போனது மறதி என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. வசூல் அலுவலகத்தில் யாருக்கும் எதுவும் மறப்பதே இல்லை.

பல்கலைக்கழகங்களின் மௌனம் வேறு வகை. நிதி வாங்கிய பேராசிரியர்களில் சிலர் உண்மையாகவே மாணவர்களுக்காக அலைகிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. கையேட்டை அச்சடித்த நிர்வாகங்களைச் சொல்கிறேன். மாணவருக்கு நிதி வரும்போது ‘நம் பெருமை’. வேலை வராதபோது ‘உங்கள் ஒப்பந்தம் ஒன்றிய அரசோடு’. கையேட்டிலிருந்து ‘உறுதியான அரசுப் பணி’ என்ற தொனியைக்கூட எடுக்க மனமில்லை, ஏனென்றால் அடுத்த ஆண்டுச் சேர்க்கை இருக்கிறது. வெள்ளை மாளிகையோ 2026-க்கான திட்டத்தில் அறிவியல் அறக்கட்டளையின் நிதியையே பாதிக்கு மேல் வெட்டக் கேட்டது. தகப்பன் மூவரில் ஒருவனைப் பட்டினி போட்டுவிட்டால் மற்றவர்கள் இன்னும் நிம்மதியாக வெளியூரில் இருக்கலாம்.

இதன் உச்சம் 2025 டிசம்பரில் வந்தது. அதே பணியாளர் மேலாண்மை அலுவலகம், முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லாமல், அரசுக்குத் தொழில்நுட்பம் தெரிந்த இளைஞர்கள் அவசரமாகத் தேவை என்று அறிவித்தது. பெயர் ‘டெக் ஃபோர்ஸ்’. சுமார் ஆயிரம் பேர், இரண்டு வருஷம், சம்பளம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் டாலர் வரை. ஆப்பிள், கூகுள், என்விடியா போன்ற நிறுவனங்கள் கூட்டாளிகள். ஆக, ஆள் தேவை. காசும் இருக்கிறது. தேவை இருக்கிற அன்றைக்கே, அரசின் பணத்தில் படித்து, அரசுக்கென்றே ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த பட்டதாரிகள் வெளித்திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பட்டியல் அந்த அலுவலகத்தின் மேசையிலேயே இருக்கிறது. கெடு முடிந்தவர்களின் பெயரைக் குறிக்க அந்தப் பட்டியலைத்தான் திறப்பார்கள். புதுப் படையில் சேர வேண்டுமென்றால் மற்ற எல்லாரையும் போல அவர்களும் விண்ணப்பம் போட்டுக்கொள்ளலாம். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் மாதங்களுக்கும் வட்டி உண்டு.